குழாய்த் தண்ணீர் பல் கூசுகிறது என்று எழுதிய மகனுக்கு

அருளு,

முதலில் அந்த சென்ட் பாட்டிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மஸ்கட்டிலிருந்து நான் கொண்டுவந்த, தங்க நிற மூடி போட்ட பாட்டில். நான் திரும்பி வந்த இந்த ஏழு வருஷத்தில் நம் பக்கத்தில் நடந்த எந்தக் கல்யாணத்துக்கும் அதைப் பூசிக்கொள்ளாமல் நான் போனதில்லை. மாப்பிள்ளைப் பையன்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு வருவார்கள், "மாமா, ஒரு சொட்டுங்க" என்று. நானும் பெரிய தர்மம் செய்கிற மாதிரி ஒரு சொட்டு வைப்பேன். அந்த சென்ட் நான் வந்த இரண்டாம் மாசமே தீர்ந்துபோனது. அதற்கப்புறம் அந்தப் பாட்டிலில் இருந்ததெல்லாம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் கூடையில் வைத்து விற்கிற மல்லிகை சென்ட்டும் நம் கிணற்றுத் தண்ணீரும்தான். பாதிக்குப் பாதி. நீ மொரப்பூரில் ரயில் ஏறின அன்று உன் சட்டைக் காலரில் கவிழ்த்தேனே, "பாரின் போறவன் பாரின் வாசனையோட போடா" என்று, அதுவும் அதே சரக்குதான். பம்பாய் வரைக்கும் நம் கிணற்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போயிருக்கிறாய். இதை எழுதும்போதே எனக்குக் காது சுடுகிறது. ஆனால் இது சின்னப் பொய். ஆற்றில் இறங்குமுன் காலை நனைத்துப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி. பெரிய பொய் ஒன்று பின்னால் வருகிறது.

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனவன் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். கால் வாங்க வேண்டிய இடத்தில் வாங்காமல் விட்டிருப்பேன், வேண்டாத இடத்தில் இரண்டு கால் போட்டிருப்பேன். நீ ஐ.டி.ஐ. படித்த துரை, கூட்டிக் கழித்துப் படித்துக்கொள். வழக்கமாக நமக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிற உபதேசியார் இந்தத் தடவையும் பேனாவோடு வந்துவிட்டார். சாமியார் வராத வாரத்தில் கோயிலில் ஜெபம் சொல்லுகிறவர், ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவர், அவர் இல்லாமல் நான் பேனாவைத் தொடுவதாவது? "சொல்லுங்க, எழுதறேன்" என்றார். "இல்லைங்க, இது நான் சொல்லி நீங்க எழுதற சமாச்சாரம் இல்லைங்க. நான் எழுதி நீங்க படிக்கற சமாச்சாரம்" என்றேன். மனுஷனுக்கு முகம் சுண்டிப்போனது. "எழுதுங்க, எழுதுங்க. வர்ற கிறிஸ்மஸுக்குள்ள முடிச்சிடுவீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டு நாளாகிறது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு முடித்தாக வேண்டும்.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு உன் கடிதத்தைப் படித்தார்கள். உனக்குத் தெரியாததல்ல, நம் ஊருக்குக் கடல் தாண்டித் தபால் வந்தால் அதை வந்த வீட்டுக்குள் வைத்துப் பிரிக்கிற வழக்கம் இல்லை. அந்த வழக்கம் ஆரம்பித்ததே என்னால்தான். நான் மஸ்கட் போன வருஷம் உங்கம்மா என் முதல் கடிதத்தை உபதேசியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள், அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால். அவர் பூசை முடிந்த கையோடு கோயில் வாசலில் புளியமரத்தடியில் நின்று உரக்கப் படித்தார். நின்றவர்கள் கேட்டார்கள். அடுத்த கடிதத்துக்கு உட்கார்ந்து கேட்டார்கள். அதற்கடுத்த கடிதத்துக்குப் பக்கத்துக் காட்டிலிருந்து மாதையன் மாமா எருமையை மேய விட்டுவிட்டு வந்து நின்றார். இன்றைக்கும் பூசைக்கு வராதவர் கடிதத்துக்குத் தவறாமல் வருகிறார். அப்படியே ஊர் வழக்கமாகிவிட்டது. உன் கடிதம் வந்தால் நானும் கவரைப் பிரிக்காமல் சட்டைப் பையில், வெளிநாட்டு ஸ்டாம்ப் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சுற்றுவேன். உனக்கு இதுவரை தெரியாவிட்டால் தெரிந்துகொள், உன் அப்பன் அப்படிப்பட்ட ஆள்.

அன்றைக்கும் அப்படித்தான் நின்றோம். உபதேசியார் படிக்கிறார். ரூம் நன்றாக இருக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது, கூட இருப்பவர்கள் தங்கமானவர்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் இந்த வரி வந்தது: "அப்பா, இங்கே குழாயைத் திறந்தால் பல் கூசுகிற மாதிரி சில்லென்று தண்ணீர் வருகிறது." கூட்டத்தில் எல்லாரும் நாக்கைச் சப்புக் கொட்டினார்கள். "கேளுங்க சாமி! நாம ஒரு கொடத்துக்கு எம்மாந் தூரம் அலையறோம்" என்றாள் ஒருத்தி. மாதையன் மாமா என்னைப் பார்த்து, "மச்சான், அந்தக் கொழாயில ஒன்ன இந்தப் பக்கமா நீட்டி வெக்கச் சொல்லுங்க உம்மவன" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டேன். கை கால் எல்லாம் சில்லிட்டுப் போனது, ஆனி மாசத்து வெயிலில்.

ஏன் தெரியுமா? நீ இருக்கிற மஸ்கட்டில், ஆனி மாசத்தில் எந்தக் குழாயிலும் பல் கூசுகிற தண்ணீர் வராது. அந்த வரி உன்னுடையதும் அல்ல. அது என் வரி. நான் கட்டினது. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே மரத்தடியில், இதே உபதேசியார் வாயால் படிக்கப்பட்டது. நீ அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். முன்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டு, ஒரு வாரம் உன் சேக்காளிகளிடம் "எங்கப்பாவுக்குத் தண்ணி பல்லு கூசுது, பல்லு கூசுது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாயாம், உங்கம்மா சொல்லியிருக்கிறாள். ஒரு எழுத்து மாறவில்லை அருளு. நான் விட்ட பொய் கடலைத் தாண்டி வந்து, எட்டு வருஷம் இங்கே தங்கி வளர்ந்து, மறுபடி கடலைத் தாண்டிப் போய், உன் கையெழுத்தில் எனக்கே திரும்பி வந்திருக்கிறது. அடித்தால்கூட அப்படித் திடுக்கிட்டிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உன் கடிதத்தை எழுத்துக் கூட்டி நானே படித்தேன். உபதேசியார் படிக்காமல் தாண்டின இடம் ஒன்று இருந்தது. தண்ணீர் வரிக்குக் கீழே ஒரு வரியை எழுதி, பேனாவால் மேலும் கீழுமாக அடித்துக் கறுப்பாக்கியிருந்தாய். அவர் மேல் தப்பில்லை, அடித்ததை யார் படிப்பார்கள். நான் அதை ஜன்னல் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். முதல் வார்த்தை மட்டும் தெரிந்தது. "எனக்கு." எனக்கு என்ன, சாமி? எனக்கு உடம்பு சரியில்லையா? எனக்கு இங்கே பிடிக்கவில்லையா? எனக்குப் பசிக்கிறதா? பன்னிரண்டு நாளாக அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். புளியமரத்தடியில் ஊரே உட்கார்ந்து கேட்கும் என்று தெரிந்தவன் அந்த வரியை எப்படி அடிக்காமல் விடுவான்? நானாக இருந்தாலும் அடித்திருப்பேன். அடித்தும் இருக்கிறேன். அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

மஸ்கட்டில் முதல் நாள் மத்தியானம் கேம்ப்பில் பெட்டியை வைத்துவிட்டு, மூன்று நாள் பயண அழுக்குப் போகக் குளிக்கலாம் என்று குழாயைத் திறந்து தலையை நீட்டினேன். நீட்டினவன் கத்தின கத்தில் பத்துப் பேர் ஓடி வந்தார்கள். யாரோ மேலே தொட்டிக்கு அடியில் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். "எவன்டா நெருப்பு வெச்சது?" என்று கேட்டேன். என் பக்கத்துக் கட்டில்காரர் ஒரு மலையாளத்தார், குரியன் அண்ணன் என்று கூப்பிடுவோம். அவர் விரலை மேலே தூக்கிச் சூரியனைக் காட்டினார். "அவன்தான், போய்க் கேள்" என்றார். இரண்டு காது நுனியும் தோல் உரிந்துபோயிற்று. அன்றைக்கு ராத்திரியே உங்கம்மாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "தண்ணீர் கொதிக்கிறது" என்று எழுத வந்தது. ஆனால் அந்த வருஷம் இங்கே எப்படி இருந்தது, நினைவிருக்கிறதா? மூன்று வருஷமாக மழை இல்லை, நம் கிணறு பாறை தெரிந்து கிடந்தது, உங்கம்மா இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடத்தை வைத்துக்கொண்டு ரயில் ரோடு தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் போய் நான் தண்ணீரைப் பற்றி என்ன குறை எழுதுவது? எழுதின அந்த வரியை அடித்தேன். பல் கூசுகிறது என்று எழுதினேன். அவளாவது மனசுக்குள் குளிர்ந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். உபதேசியார் அதை ஊருக்கே படிப்பார் என்று கனவா கண்டேன்? படித்துவிட்டார் என்று தெரிந்த பிறகு என்னால் இறங்க முடியவில்லை. அடுத்த கடிதத்தில் ஆப்பிள் சேர்த்தேன். அதற்கடுத்ததில் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிற ஏசி. புலி மேல் ஏறினவன் கதைதான்.

நிஜத்தில் நாங்கள் பதினோரு பேர் ஒரு தகர ரூமில், கட்டிலுக்கு மேல் கட்டில். காலையும் சாயங்காலமும் குபூஸ் என்கிற ரொட்டி. அதைத் தின்பது சிரமமில்லை, தின்றது போலவே இருக்காது, அதுதான் சிரமம். களி உருண்டை விழுந்த வயிற்றைக் காற்றை வைத்து எப்படி ஏமாற்றுவது? ஏரியூர் பக்கத்து ஆட்கள் இரண்டு பேரும் நானுமாக ஒரு வெள்ளிக்கிழமை திட்டம் போட்டோம். கேழ்வரகு மாவு எங்கே கிடைக்கும் என்று தெரியாது, கேட்கப் பாஷை தெரியாது. மாவு மாவுதானே, நிறத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லி மைதாவை வாங்கிவந்து, கொதிக்கிற தண்ணீரில் கொட்டி, சென்ட்ரிங் கட்டையில் ஒன்றைச் சீவித் துடுப்பாக்கிக் கிண்டினோம். கிண்டக் கிண்ட அது வெளுத்துப் பளபளவென்று வந்தது. சினிமா போஸ்டர் ஒட்டுகிறவன் வாளியில் பார்த்திருப்பாயே, அதேதான். உருண்டை பிடித்தால் கையை விடவில்லை. இருந்தாலும் களி என்று கிண்டிவிட்டோம், களியை மெல்லக் கூடாது என்று பிறந்ததிலிருந்து படித்தவர்கள், மூன்று பேரும் மெல்லாமல் முழுங்கினோம். இரண்டு நாள் எங்கள் மூன்று பேருக்கும் வாயும் சரியாகத் திறக்கவில்லை, மற்றதும் திறக்கவில்லை. குரியன் அண்ணன் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் சுவரைத் தடவிக் காட்டுவார். உனக்கு நான் சொல்லி அனுப்பியிருக்க வேண்டிய புத்தி இதெல்லாம். இந்தியக் கடையில் ராகி என்று கேள், கிடைக்கும். மைதாவைக் கிண்டாதே. தண்ணீரை முந்தின நாளே வாளியில் பிடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்து மூடு, காலையில் அது மனுஷன் தொடுகிற மாதிரி ஆகியிருக்கும். ஆனால் பக்கத்துக் கட்டில்காரன் அதில் கை கழுவாமல் பார்த்துக்கொள், அதற்குத்தான் அதிக சாமர்த்தியம் வேண்டும். மணல் காற்று அடித்தால் ஈரத்துண்டை மூக்கில் கட்டு. வெட்கப்படாதே. அங்கே எல்லாருக்கும் ஒரே மூக்குதான்.

வெயிலும் ரொட்டியும் என்னை ஒன்றும் செய்யவில்லை அருளு. நம் பூமியில் பார்க்காத வெயிலா? என்னைச் சாய்த்தது வேறு. அங்கே ஞாயிற்றுக்கிழமை வேலை நாள், வெள்ளிக்கிழமைதான் லீவு, அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை வெள்ளிக்கிழமையில் வைப்பார்கள். அதுவே எனக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது, சாமிக்கு நாள் குழம்பாதா என்று. ஒரு வெள்ளிக்கிழமை பூசை நடுவில் எங்கோ பின்னால் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. ஏன் என்று யோசித்தால், நான் குழந்தை அழுகிற சத்தம் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. கேம்ப்பில் குழந்தை ஏது? சைட்டில் குழந்தை ஏது? கம்பி வெட்டுகிற சத்தம், லாரிச் சத்தம், ஆம்பளைகள் குறட்டை, இவ்வளவுதான் ஒரு வருஷம். அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தாய்க்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். நான் பூசையை விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன், அந்த அழுகையைக் கேட்க. அவள் நின்றால் நின்றேன், நடந்தால் நடந்தேன். அவள் புருஷன் வந்து என்னை முறைத்தான். அவனிடம் என்னவென்று சொல்லுவேன், "உங்க கொழந்தைய இன்னும் கொஞ்சம் அழ வுடுங்க" என்றா? திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் காலை கம்பெனி ஆபீசுக்குப் போனேன்.

இனி வருவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு படி. உங்கம்மாவுக்கும் நாளைக்குத்தான் தெரியும். தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை, கூட்டத்தில் என்றால் கை ஓங்க யோசிப்பாள். காண்ட்ராக்ட் முடிய இன்னும் பத்து மாசம் இருந்தது. லீவு கேட்டால் கொடுக்க மாட்டார்கள். ஆபீசில் இருந்தவர் "என்ன விஷயம்?" என்றார். நான் வாயைத் திறந்தேன். "என் பொண்டாட்டி செத்துட்டாங்க" என்று வந்தது. சத்தியமாக அது என் வாயிலிருந்து வந்தது என்று எனக்கே நம்ப முடியவில்லை. பின்னால் யாராவது பேசினார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அந்த மனுஷன் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். கேம்ப் முழுக்கச் செய்தி போய்விட்டது. குரியன் அண்ணன் தன் செலவில் உங்கம்மா ஆத்துமத்துக்குப் பூசை வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை நாற்பது பேர் வந்து முழங்காலில் நின்றார்கள். என்னை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். சாமியார் உங்கம்மா பெயரைச் சொன்னதும் நான் வாய்விட்டு அழுதேன். அது மட்டும் பொய்யில்லை. அவள் பெயரை இன்னொருத்தர் வாயால் கேட்டு அத்தனை நாளாகியிருந்தது. பன்னிரண்டு நாள் கழித்து இங்கே வந்து நின்றால், செத்தவள் வாசலில் எருமைக்குத் தவிடு கலந்துகொண்டு, "என்னாங்க, சொல்லாம கொள்ளாம? ஒடம்புக்கு என்னா?" என்கிறாள். "கம்பெனிய மூடிட்டாங்க" என்றேன். ஊரும் நம்பியது. போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடே என்று மாதையன் மாமா மட்டும் ஒரு மாதிரி சிரித்தார். அந்தக் கம்பெனி மூடவில்லை. இன்னும் நன்றாக நடக்கிறது என்றுதான் கேள்வி.

இப்போது என் மேல் இருக்கிற நிஜமான குற்றத்துக்கு வருகிறேன். நீ போனது வேறெதற்கும் அல்ல, என் கடிதங்களைக் கேட்டு வளர்ந்ததால் போனாய். விசா வந்த அன்று நீ என்ன சொன்னாய்? "அப்பா, நீங்க பாத்ததயெல்லாம் நானும் பாக்கப் போறேன்" என்றாய். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். எலெக்ட்ரிக் வேலை தெரிந்தவனுக்குச் சேலத்திலேயே வேலை கிடைக்காதா? கிடைக்கும். ஆனால் சொன்னால் என் ஏசியும் ஆப்பிளும் போய்விடுமே. மொரப்பூர் பிளாட்பாரத்தில் ரயில் வரப் பத்து நிமிஷம் இருக்கும்போது, எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நீ ஆவலாகப் பார்த்தாய். நான் சென்ட் பாட்டிலைத் திறந்தேன்.

போகட்டும். இனிமேல் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன்னால் நாளைக்குப் புளியமரத்தடியில் உபதேசியார் படிப்பார். பொய் அங்கேதான் படிக்கப்பட்டது, நிஜமும் அங்கேயே படிக்கப்படட்டும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஊரைக் கேலி செய்தே வயிறு வளர்த்தவன் நான், ஒரு வருஷம் ஊர் என்னைக் கேலி செய்துகொள்ளட்டும். ஆனால் இதுதான் அங்கே படிக்கிற கடைசிக் கடிதம். இனி உன் கடிதம் வந்தால் நானும் உங்கம்மாவும் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவோம். நான் எழுத்துக் கூட்டுவேன், அவள் காது கொடுப்பாள். ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது ஆனாலும் ஆகட்டும். ஆகவே நீ அடிக்காமல் எழுது. தண்ணீர் சுட்டால் சுடுகிறது என்று எழுது. மேஸ்திரி திட்டினால் என்ன வார்த்தை சொல்லித் திட்டினான் என்று எழுது, நானும் இங்கே இரண்டு பேருக்கு உபயோகப்படுத்திக்கொள்கிறேன். உனக்கு அங்கே நிஜமாகவே பிடித்திருந்தால், நான் ஓடி வந்தேன் என்பதற்காக நீயும் ஓடி வர வேண்டியதில்லை. நான் வேறு, நீ வேறு. உனக்குக் கூட்டாளிகள் சேர்ந்து, வேலை பழகி, வெயில் பழகிவிட்டால் இரு, சந்தோஷமாக இரு. அதையும் அப்படியே எழுது. பிடிக்கவில்லையென்றால் அதற்கொரு காரணம் தேடாதே. காண்ட்ராக்ட்டைப் பார்க்காதே, ஊரைப் பார்க்காதே, என் மீசையைப் பார்க்காதே. ஆபீசுக்குப் போய், எனக்கு இங்கே இருக்க முடியவில்லை என்று சொல். என்னையோ உங்கம்மாவையோ சாகடிக்க வேண்டாம், ஒரு வீட்டில் ஒரு தடவை போதும். பெட்டியைக் கட்டு. வூட்டுக்கு வாடா சாமி. எனக்கு என்று எழுதினாயே, அதற்கப்புறம் என்ன இருந்ததோ அதை வந்து என்னிடம் வாயால் சொல்லு.

இதற்குக் கீழே எழுதுவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கவரை ஒட்டுவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உபதேசியார் நன்றாகத்தான் படித்துக்கொண்டு வந்தார். சென்ட் வந்த இடத்தில் இரண்டு பேர் தங்கள் காலரை மோந்து பார்த்தார்கள். மைதாவுக்குச் சிரித்ததில் ஒருத்திக்குப் புரையேறியது. நான் ஆபீசுக்குப் போன இடம் வரைக்கும் வந்து, பக்கத்தைத் திருப்பி, அடுத்த நாலு வரியை வாய்க்குள் படித்தவர் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். உங்கம்மாவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கல் மேல் வைத்துவிட்டு, "இத நான் எப்புடிங்க படிக்கறது, அந்தம்மா இங்க உக்காந்திருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே கல் மேல் உட்கார்ந்தார். கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பக்கமும் உடைந்துபோயிற்று. வேறு யாருக்கும் என் எழுத்துப் புரியாது என்பதால் மீதியை நானே படிக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு எழுத்தாகத்தான் வந்தது. "செத்" என்பதற்கும் "துட்டாங்க" என்பதற்கும் நடுவில் ஊரே மூச்சு விடாமல் நின்றது. உங்கம்மா எழுந்தாள். "எம்பேருக்கு வெச்ச பூசைக்கு எத்தன பேரு வந்தாங்க?" என்றாள். "நாப்பது பேரு இருக்கும்" என்றேன். "இங்க செத்திருந்தா அத்தன பேரு வரமாட்டாங்க. படிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, யாரும் எழுந்து போகவில்லை. எல்லாம் படித்தேன். கடைசியில், பெட்டியைக் கட்டு என்பதற்கு அடுத்த வரியில் மட்டும் எழுத்துத் தெரியவில்லை. வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. கையெழுத்தும் என்னுடையதுதான். மாதையன் மாமா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, விரலை வைத்து, "வூட்டுக்கு வாடா சாமின்னு போட்டிருக்குது" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது.